வறுத்த மாவின் மின்னேற்றம்

நிரோஜினி என்ன படித்தாள் என்று கொக்குவிலில் யாராவது கேட்டால், அவளுடைய தாய் ஞானாம்பிகை ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவாள்.

"கரண்ட்."

அதனால் வந்த தொல்லைகளை நிரோஜினிதான் அனுபவித்தாள். சனிக்கிழமை காலையில் கேற்றடியில் யாராவது நிற்பார்கள். கையில் சுற்றாத காற்றாடியோ, புகைந்த மிக்சியோ இருக்கும். நோர்வேயில் கலாநிதிப் பட்டம் எடுத்துவந்து பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள், முகம் கொடுத்து நாலு வார்த்தை கதைத்து, சந்தியிலுள்ள திருத்துகிற கடைக்கு வழி சொல்லி அனுப்பிவைப்பாள். பிறகு உள்ளே வந்து தாயிடம் பாய்வாள்.

"அம்மா, நான் படிச்சது நிலைமின்னியல். கம்பியிலை ஓடுற கரண்ட் இல்லை. ஓடாமல் ஒரு இடத்திலை நிக்கிற மின்னேற்றம்."

"ஓடாமல் நிக்கிறதைப் பாக்க என்னத்துக்கடி நோர்வே மட்டும் ஓடினனி?"

இதைக் கேட்டதும் நிரோஜினியின் எரிச்சல் போய்விடும். சிரிப்புத்தான் வரும்.

அவள் அந்தப் பாதையில் காலடி வைத்தது ஒரு மழைக்காலத்தில். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பொன்னிலை மின்காட்டியில் செய்முறை. தேய்த்த கோலைக் கிட்டக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் மெல்லிய இலை விரிய வேண்டும். வெளியே கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவருடைய இலையும் விரியவில்லை. மற்றவர்கள் பழைய கொப்பிகளைப் பார்த்து விரிந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிரோஜினி மட்டும் 'இலை அசையவில்லை. நான் கொடுத்த ஏற்றம் எங்கே போனது என்று தெரியவில்லை' என்று எழுதினாள். பேச்சு விழும் என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்தத் தாளில் முழுப் புள்ளி கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த கேள்வி பிறகு அவளை விடவேயில்லை.

நோர்வேயின் குளிர்காலத்தில் காற்று எலும்பு போலக் காய்ந்திருக்கும். கதவுக் கைபிடியைத் தொட்டால் சுளீர் என்று கடிக்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றினால் இருட்டில் நீலமாகப் பொறி பறக்கும். மற்ற மாணவர்கள் எரிச்சல்பட்டார்கள். நிரோஜினி விளக்கை அணைத்துவிட்டு வேண்டுமென்றே சட்டையைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். அங்கே ஐந்து வருடம் அவள் ஆராய்ந்தது கண்ணாடி மணிகளை. ஒரே கண்ணாடியில் செய்த பெரிய மணிகளையும் சின்ன மணிகளையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால், பெரும்பாலும் பெரியவை நேரேற்றமும் சின்னவை மறையேற்றமும் பெற்றுவிடும். இரண்டு வேறு பொருள்கள் உரசினால் ஏற்றம் வருவதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஒரே பொருள் தன்னோடு தானே உரசி ஏன் இரண்டுபட வேண்டும்? விளக்கங்கள் பல இருந்தன. எல்லாரும் ஒத்துக்கொண்ட விளக்கம் ஒன்றும் இல்லை.

தகப்பன் இறந்தபோது தாயைத் தனியே விட மனமில்லாமல் ஊருக்குத் திரும்பினாள். நோர்வே ஆய்வுகூடத்தார் அன்பளிப்பாகக் கொடுத்த மின்னேற்றமானியை உடுப்புகளுக்கு நடுவில் பொதிந்து, குழந்தையைத் தூக்கிவருவதுபோலக் கொண்டுவந்தாள்.

யாழ்ப்பாணத்தில் அது சுழியத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

நாலு பக்கமும் கடலைத் தொட்டுக்கொண்டு வருகிற காற்று இது. ஈரமும் உப்பும் எதன்மேலும் படியும். படிந்தால் ஏற்றம் நிற்காது, வழிந்து போய்விடும். குளிரூட்டியைப் போட்டுப் பார்த்தாள். ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பெட்டிக்குள் நிரப்பிப் பார்த்தாள். கண்ணாடி மணிகளைச் சூடாக்கிப் பார்த்தாள். ஒருநாள் சரிவரும், அடுத்த மூன்று நாள் சரிவராது; அந்த ஒரு நாளையும் நம்ப முடியாது. இப்படியே மூன்று வருடம் போயிற்று. "வெயிலிலை கரண்ட் எடுக்கிற சூரியகலத்துக்கு மாறுங்கோ நிரோஜினி, இஞ்சை வெயிலுக்கு என்ன குறை?" என்று கூட வேலை செய்பவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அவளும் அரைமனதோடு அதற்கான புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியிருந்தாள்.

அப்படியான ஒரு நாளில் ஞானாம்பிகை தெல்லிப்பழைக்குப் போனாள். அவளுடைய தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மில் இருந்தது. அங்கே வறுத்துத் தருகிற சிவப்பரிசி மாவில்தான் புட்டு பூப்போல வரும் என்பது அவளுடைய முடிவு. பின்னேரம் மாப் பையோடு வந்தவள் செருப்பைக் கழற்றமுதலே சொன்னாள்.

"பிள்ளை, மில்லிலை கரண்ட் அடிக்குதாம். என்ரை மகள் வந்து பாப்பாள் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"அம்மா! உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? எலெக்ரீசியனைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

"அவன் வந்து பாத்தவனாம். எல்லா வயரும் சரியாம். மெயின் சுவிச்சை நிப்பாட்டினாப் பிறகும் மா விழுற தகரப் பரலைத் தொட்டாக் கடிக்குதாம். அங்கை வேலை செய்யிற றோஸ் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டாள்."

நிரோஜினி புத்தகத்தை மூடினாள்.

"மெயின் சுவிச்சை நிப்பாட்டினாப் பிறகுமோ? பரல் எதிலை நிக்குது? நிலத்திலையோ?"

"அதெல்லாம் நான் ஏன் பாக்கிறன்?"

அடுத்த நாள் ஸ்கூட்டியில் காங்கேசன்துறை வீதி வழியே போய்ச் சேர்ந்தாள். மில் முதலாளி ஜெயரூபனுக்கு நாற்பது வயது இருக்கும். தலைமயிர், புருவம், கை எல்லாம் மா. போரில் இடம்பெயர்ந்து திரும்பிவந்து, இடிந்து கிடந்த தகப்பனுடைய மில்லை மறுபடி கட்டி எழுப்பியவன். மூன்று தங்கைகளுக்கும் கலியாணம் முடித்துக் கொடுத்ததில் தன்னுடையதை மறந்துபோனான் என்று ஊரில் சொல்லுவார்கள். அண்மையில்தான் கனடாவுக்கு மா அனுப்பத் தொடங்கியிருந்தான். அதற்காகப் புதிதாக ஒரு காற்று ஊதியும், பிளாஸ்ரிக் பைப்பும், அரிதட்டும் போட்டிருந்தான். வறுத்த மா சூடு ஆறமுதலே பைப்பால் பறந்துபோய் அரிதட்டில் விழும். நைஸ் மா ஒரு பரலிலும் குறுணி மற்றப் பரலிலும் சேரும்.

"வாங்கோ டொக்ரர்," என்றான். அதைக் கேட்ட றோஸ் ஓடிவந்து முழங்காலைக் காட்டினாள். குருநகரில் பிறந்து தெல்லிப்பழையில் வாழ்க்கைப்பட்டவள். மா பைகளில் அடைப்பது அவளுடைய வேலை.

"இந்த மூட்டு நோவுக்கு என்ன செய்யலாம் பிள்ளை?"

"நான் அந்த டொக்ரர் இல்லை அக்கா," என்றாள் நிரோஜினி. கண் பரலிலேயே இருந்தது. உலோகப் பரல். அது நின்றது ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் மேல்.

"இதை ஓடவிடுங்கோ அண்ணை."

மா ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்ல விரல் கணுவைப் பரலுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். டக் என்று ஒரு சத்தம். கை தானாகப் பின்னுக்கு வந்தது. றோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெயரூபன் பதறிப்போய் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினான்.

நிரோஜினி கையை உதறிக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். மூன்று வருடமாகத் தேடியது தெல்லிப்பழையில், பரலுக்குள் இருந்திருக்கிறது. எவ்வளவு முட்டாள்! கண்ணாடி மணியில் ஈரம் படிகிறது என்று அழுதாள். வறுத்த மாவில் ஈரம் ஏது? அதைச் சுற்றி வருகிற சூடான காற்றில் ஈரம் ஏது?

"என்ன டொக்ரர், பழுதோ?" என்று பயந்துபோய்க் கேட்டான் ஜெயரூபன்.

"பழுதில்லை அண்ணை. மா பைப்போடை உரசி ஏற்றம் எடுக்குது. பரல் பிளாஸ்ரிக்கிலை நிக்கிறபடியால் அது போக இடமில்லாமல் சேருது. சேர்ந்தது நீங்கள் தொட்டவுடனை உங்களுக்குள்ளாலை நிலத்துக்குப் பாயுது."

"அப்ப வயரிலை பிழை இல்லை?"

"பிழையே இல்லை. நல்ல சாமான்!"

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். இவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்துக்கும், தன்னுடைய வேலையாட்கள் கடி வாங்குவதற்கும் என்ன தொடர்பு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யன்னலால் வந்த வெயிலில் மாத் தூசி தங்கம்போல மிதந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. காற்றில் மிதக்கிற மாத் தூசி நெருப்புப் பிடிக்கும். அடைத்த இடத்தில் பிடித்தால் வெடிக்கும். அதற்கு ஒரு பொறி போதும்.

பரல் இப்படியே நின்றால் அவளுக்கு அளவீடு கிடைக்கும். எத்தனை வருட ஆய்வு! பரலை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டிப் பெட்டியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த செப்புக் கம்பியை எடுத்தாள்.

"யன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ. இண்டைக்கே ரெண்டு பரலையும் நிலத்திலை அடிச்ச கம்பியோடை இணைக்கவேணும். அந்த பிளாஸ்ரிக் பைப்பை மாத்தி உலோகப் பைப் போடுங்கோ. அதையும் இணையுங்கோ. தூசி பறக்காமல் மூடி போடுங்கோ. இது விளையாட்டில்லை."

அன்றைக்கு அவளும் சேர்ந்து நிலத்தில் கம்பி அடித்தாள். வேலை முடிந்து மில்லை ஓடவிட்டபோது பரல் பேசாமல் இருந்தது. றோஸ் தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், பிறகு நிரோஜினியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். ஜெயரூபன் ஒரு பை மாவைக் கொண்டுவந்து நீட்டினான்.

"சிரிச்சனீங்கள், பிறகு முகம் வாடிப்போச்சு. நான் பாத்தனான். ஏன்?"

நிரோஜினி மறைக்கவில்லை. கண்ணாடி மணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"அப்ப ஒரே சாமான் தன்னோடை உரசினா ஏன் ஏற்றம் வருது எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதோ?"

"தெரியாது."

"நோர்வேயிலையும்?"

"அங்கையும் தெரியாது."

"அப்ப உங்களுக்கு நிறைய வேலை கிடக்கு," என்றான் அவன், ஆறுதல் சொல்லுகிறவன்போல. அவளுக்கு அது உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. சூரியகலத்துக்கு மாறச் சொல்லாத முதல் ஆள்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஜெயரூபன் தொலைபேசியில் அழைத்தான். "டொக்ரர், பரல் திரும்பவும் கடிக்குது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனாள். மில்லில் ஒருவரும் இல்லை. ஜெயரூபன் மட்டும், மா படியாத வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். அவள் நேரே பரலடிக்குப் போனாள். செப்புக் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. திருகாணி பக்கத்து மேசையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. தானாகக் கழன்ற திருகாணி மேசையில் ஏறி உட்காராது.

"இதை ஆர் கழட்டினது?"

அவன் தலையைச் சொறிந்தான். "நான்தான். உங்களுக்கு அளக்க விருப்பம் எண்டு சொன்னீங்கள். மில் நிக்கிறபோது காலமைதான் கழட்டினனான். ஓடவிடேல்லை. பரல் கடிக்கவுமில்லை. சும்மா சொன்னனான். கூப்பிட வேறை ஒரு சாட்டும் வரேல்லை."

நிரோஜினி கோபத்தோடு திருகாணியைத் தூக்கி அவனுக்கு நேரே காட்டினாள். "மறந்துபோய் நாளைக்கு ஓடவிட்டிருந்தால்? றோஸ் அக்கா முகத்தை உதுக்குக் கிட்டக் கொண்டுபோய்த்தான் மா அள்ளுறவ. உங்கடை சாட்டுக்கு அவவின்ரை முகமோ?"

அவனுடைய முகம் வெளுத்துவிட்டது. அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் கம்பியைத் தானே முடுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தாள்.

வீட்டில் ஞானாம்பிகை இரண்டொரு நாள் மகளைக் கவனித்துவிட்டுக் கேட்டாள். "அந்த மில்காரப் பெடியன் என்ன செய்தவன்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டும் செய்யாதவனை நினைச்சோ புட்டை இப்பிடிப் பிசைஞ்சுகொண்டு இருக்கிறாய்?"

கோபம் இருந்தது உண்மை. அதற்குள்ளே வேறு ஒன்றும் இருந்தது. தன்னைக் கூப்பிட ஒரு மனிதன் சாட்டுத் தேடியிருக்கிறான் என்பது. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கோபத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகொரு காலையில் முதலாம் வருட வகுப்பில் சுற்று ஒன்றைக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தாள். புவிக்கு இணைக்கிற குறியைப் போட்டாள். அதற்கு மேலே, கம்பிக்கு நடுவில், மானியை வட்டமாகக் கீறினாள். சோக் கட்டி அப்படியே நின்றது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பரலில் ஏற்றத்தைத் தேக்கி அளக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தேக்குவானேன்? அது நிலத்துக்கு ஓடட்டும். ஓடுகிற வழியில் தன்னுடைய மானி இருக்கட்டும். பரலில் பொறி பறக்குமளவுக்கு ஒன்றும் சேராது. ஆனாலும் போகிற ஏற்றம் அவ்வளவும் மானிக்குள்ளால்தான் போகும். றோஸ் அக்காவின் முகத்துக்கும் பயமில்லை. இவ்வளவு எளிதான ஒன்று ஏன் முன்பே தோன்றவில்லை! வகுப்பை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

இப்போது மில்லுக்குப் போகவேண்டும். போவதற்கு வெட்கமாக இருந்தது. நாலு நாள் இழுத்தாள். ஐந்தாம் நாள் மானியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள்.

மில்லில் உலோகப் பைப் வந்திருந்தது. பரலுக்கு ஒன்றுக்கு இரண்டு கம்பி. திருகாணியின்மேல் ஈயம் உருக்கி ஒட்டி, ஆரும் கழற்ற முடியாதபடி. சுவரில் ஜெயரூபன் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்: 'இந்தக் கம்பியைத் தொடக்கூடாது. முதலாளியும் தொடக்கூடாது.'

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மா மூட்டையோடு வந்த ஜெயரூபன் அவளைக் கண்டு அப்படியே நின்றான்.

"நான் இனி உங்களை..." என்று தொடங்கினான்.

"கம்பியைக் கழட்ட வேணும் அண்ணை," என்றாள் அவள். "இந்தமுறை நான்தான் கழட்டப்போறன். வேறை பாதையாலை நிலத்துக்கு விடப்போறன். முதல் மில்லை நிப்பாட்டுங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. விளங்காட்டில் ஓம் எண்டு சொல்லக்கூடாது."

அவனுக்கு விளங்கியது. விளங்காத இரண்டு இடத்தில் கேட்டும் தெளிந்தான். கம்பிகளை மாற்றி, மானி பழுதானால் மட்டும் ஏற்றம் நிலத்துக்குப் போகிற இன்னொரு வழியும் வைத்து, எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். பிறகு அரிதட்டு ஆடத் தொடங்கியது. இவ்வளவு காலமும் சுழியத்தில் கிடந்த மானி அசைந்தது. நைஸ் மாப் பரலில் மறைப் பக்கம் போனது. கம்பியைக் குறுணிப் பரலுக்கு மாற்றினாள். நேர்ப் பக்கம் போனது. அதே அரிசி, அதே வறுவல். பெரியது ஒரு பக்கம், சின்னது மற்றப் பக்கம்.

நிரோஜினி மா படிந்த நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது. றோஸ் ஓடிவந்து முந்தானையால் துடைத்துவிட, முகமெல்லாம் மாவாயிற்று.

"பிள்ளைக்குக் கடிச்சுப்போட்டுது போலை," என்றாள் றோஸ்.

"இல்லை அக்கா, இல்லை," என்றான் ஜெயரூபன் மெதுவாக. "அவ தேடினது கிடைச்சிட்டுது."

அதன்பிறகு சனி ஞாயிறுகளில் அவளுடைய இடம் மில்தான். பச்சைப்பெருமாள் அரிசியில் பார்த்தார்கள், மொட்டைக்கறுப்பன் அரிசியில் பார்த்தார்கள். குரக்கன் மாவில் முடிவு வேறு மாதிரி வந்து இருவரையும் குழப்பியது. ஜெயரூபன் வறுவலைக் கூட்டிக் குறைத்துத் தருவான். கொஞ்சம் அதிகமாக வறுபட்டால் ஏற்றமும் கூடுகிறது என்று அவள் சந்தோசப்பட, "மா கசக்குமே" என்று அவன் கவலைப்படுவான். மத்தியானத்தில் றோஸ் கொண்டுவருகிற மீன் குழம்பையும் சோற்றையும் மூவரும் மூட்டைகளின்மேல் இருந்து சாப்பிடுவார்கள். ஒருவருக்கும் அந்த நேரத்தில் எழும்ப மனம் வராது.

அப்படி ஒருநாள் றோஸ் கை கழுவப் போயிருந்தபோது, ஜெயரூபன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். என்னை அண்ணை எண்டு கூப்பிடாமல் விடுவீங்களோ?"

நிரோஜினிக்குக் காது சூடாயிற்று. "வேறை என்னண்டு கூப்பிட?"

"அதை நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை. நீங்கள் மூண்டு வருசம் சுழியத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்தானே. நானும் இருப்பன்."

"நீங்களும் என்னை டொக்ரர் எண்டு கூப்பிடுறதை விடுங்கோ," என்றாள் அவள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "றோஸ் அக்கா இன்னும் முழங்காலைக் காட்டுறா."

ஜெயரூபனைக் கட்டப்போவதாக ஞானாம்பிகையிடம் சொன்னபோது அவள் முகத்தைத் தூக்கினாள். கலாநிதிக்கு மில்காரனா, சனம் என்ன சொல்லும் என்று ஒரு நாள் முழுவதும் முணுமுணுத்தாள். மறுநாள் ஜெயரூபன் வந்தான். அவனைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அவனுடைய தங்கைமார் எங்கே, சாதகம் இருக்கிறதா, மழைக்காலத்தில் மில் ஒழுகுமா. கடைசியில், "என்ரை பிள்ளை படிக்கிறதிலை உமக்கு ஏதும் விளங்குதோ தம்பி?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் விளங்குது மாமி. விளங்காததை அவவிட்டைக் கேப்பன்."

'மாமி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவள்போல ஞானாம்பிகை அவனைப் பார்த்தாள். பிறகு எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டாள்.

ஆவணியில் தெல்லிப்பழை அம்மன் கோயிலில் தாலி கட்டினான். நிரோஜினியின் கட்டுரை அதற்கு முன்பே வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போயிருந்தது. கலியாணம் முடிந்த கிழமையில் பதில் வந்தது. வெளியிடச் சம்மதம், ஆனால் மதிப்பிட்டவர்களில் ஒருவர் ஒரு விளக்கம் கேட்டிருந்தார். மாவின் ஈரப்பதன் எவ்வளவு, எந்தப் பதத்தில் வறுத்தது?

"இது உங்கடை பகுதி," என்று நிரோஜினி கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

ஜெயரூபன் நெற்றியைச் சுருக்கினான். "மணம் மாறி, நிறம் ஒரு பிடி கூடின உடனை இறக்கிறது. இதை இங்கிலீசிலை என்னண்டு எழுதுறது?"

"மணத்தை எழுத ஏலாது. வெப்பமானியாலை அளக்கவேணும்."

"அப்ப மில்லுக்குப் போவம்," என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் எழும்பினான். புதுமாப்பிள்ளையை வெயிலில் எங்கே கூட்டிக்கொண்டு போகிறாய் என்று உள்ளேயிருந்து ஞானாம்பிகை சத்தம் போட்டாள். "மா வறுக்க, அம்மா," என்று பதில் சொல்லிவிட்டு நிரோஜினி ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள்.